ரத்தம் குடுத்த அன்னிக்கு

மோட்டாரைக் கிணற்றில் விட்டுவிட்டு மூன்று நாளாய் உட்கார்ந்திருக்கிற விவசாயியிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசிப் பாருங்கள், அப்போது தெரியும். ரங்கசாமி நல்ல மனுஷர், அதனால் திட்டவில்லை. போன்தான் பண்ணினார். காலை ஆறரைக்கு ஆரம்பித்தார். கிறிஸ்டோபர் பல் தேய்க்கும்போது ஒன்று, டீயை வாயில் வைக்கும்போது ஒன்று, கக்கூஸில் இருக்கும்போது ஒன்று. "வந்துகினே இருக்கோம்ணா" என்று ஒவ்வொரு தடவையும் கூசாமல் பொய் சொல்லிவிட்டு, லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார் கிறிஸ்டோபர். எழுந்திருக்க உடம்பு வரவில்லை.

அந்த வாரத்தில் இது ஐந்தாவது கிணறு. ஆரணியைச் சுற்றி, அந்தப் பக்கம் சந்தவாசல், இந்தப் பக்கம் தெள்ளார், எங்கே எவன் மோட்டார் கிணற்றில் விழுந்தாலும் இவர் போன்தான் அடிக்கும். கோடை வந்தால் கயிறு எல்லாம் காய்ந்து அறுந்துகொள்ளும், கூடவே கிறிஸ்டோபரின் நிம்மதியும் அறுந்துகொள்ளும்.

நாற்பத்தாறு வயது. சென்னைத் துறைமுகத்தில் பதினாலு வருஷம், கப்பலின் அடி வயிற்றைத் தண்ணீருக்குள் இருந்து சுரண்டுகிற வேலை. ஒருநாள் வலது காது உள்ளே படாரென்று போனது. அன்றோடு தண்ணீருக்குள் போகிற யோகமும் போனது. இன்றைக்கும் உயரத்தில் நின்று கீழே பார்த்தால் தலை கிறுகிறு என்று சுற்றும். அதனால் இப்போது மேலே நின்று கயிறு பிடிக்கிறவர் அவர். கீழே போகிறவன் சார்லி, அவர் மனைவி ஜாக்குலினின் தம்பி. புதுச்சேரியில் டூரிஸ்டுகளைக் கடலுக்குள் கூட்டிப்போய் மீன் காட்டிக்கொண்டிருந்தவன், சர்டிபிகேட் எல்லாம் வைத்திருக்கிறான். அந்தக் கம்பெனியை இழுத்து மூடியதும் இரண்டு ஆக்சிஜன் சிலிண்டரோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஆக்சிஜன் சிலிண்டர் என்று ஊர்தான் சொல்கிறது. உள்ளே இருப்பது வெறும் காற்றுதான், சொன்னால் யார் கேட்கிறார்கள்? கடலில் கலர் கலராய் மீன் பார்த்தவனுக்கு இங்கே சேறும் மோட்டாரும். ஒரு நாளும் அவன் குறை சொன்னதில்லை. குறை சொல்லாத ஆளைத்தானே உலகம் மேலும் மேலும் வேலை வாங்கும்.

இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு சட்டம். மேலே நிற்கிறவன் சொன்னால் சொன்னதுதான். இறங்கு என்றால் இறங்கணும், வா என்றால் போட்டது போட்டபடி வரணும். தண்ணீருக்குள் இருக்கிறவனுக்கு மூளை பாதிதான் வேலை செய்யும், அதனால் மேலே இருக்கிறவன் மூளைதான் இரண்டு பேருக்கும். துறைமுகத்திலிருந்து கிறிஸ்டோபர் கொண்டுவந்த சட்டம் அது.

அன்றைக்குப் பார்த்து சார்லி வீட்டில் இல்லை.

"எங்க போனான் இவன்?"

தறியில் உட்கார்ந்திருந்த ஜாக்குலின் குறுக்கே ஓடுகிற நாடாவை நிறுத்தாமலே சொன்னாள். "ரத்தம் குடுக்கப் போயிருக்கான். இன்னிக்காச்சும் புத்தி வந்துச்சே, எல்லாம் மாதா புண்ணியம்."

அந்த வீட்டில் இரண்டு வாரமாய் இதே பாட்டுதான். ஜாக்குலினின் அப்பா சிங்கராயருக்குச் சுகரில் ஒரு கால் போனது. அந்த பயத்தில், இருபத்தெட்டு வயதுத் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் "போய் ரத்தம் குடுத்துட்டு வாடா" என்று நச்சரிப்பாள். அவன் "நாளைக்கு, நாளைக்கு" என்பான். இன்றைக்கு விடியலிலேயே போன் பார்த்துக்கொண்டே சட்டையை மாட்டி, "ரத்தம் குடுத்துட்டு வந்துடறேங்கா" என்று கிளம்பிவிட்டானாம். சுகர் பார்க்கப் போகிறவனை எந்த அக்கா தடுப்பாள்?

எட்டு மணிக்கு கிறிஸ்டோபர் அவனுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. எட்டரைக்குப் போட்டார். ஒன்பதுக்குள் இன்னும் இரண்டு. ஒரு சொட்டு ரத்தம் எடுக்க எவ்வளவு நேரம்? நடுநடுவே ரங்கசாமி போன் வந்துகொண்டே இருந்தது. ஒன்பதே காலுக்கு ஏழாவது தடவை போட்டபோது எடுத்தான். "நேரா களம்பூரு ரோட்டுக்கு வந்துடு, நான் சாமான ஏத்திகினு போறேன், ஜல்தியா வா, அந்த ஆளு பேஜாரு தாங்கல" என்று மூச்சுவிடாமல் கத்திவிட்டு வைத்துவிட்டார். அவன் என்னவோ சொல்ல வந்தான். அதைக் கேட்க அவருக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

சிலிண்டரையும் கயிறுகளையும் தனியாளாய்க் குட்டியானை வண்டியில் ஏற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் போனார்.

களம்பூர் தாண்டி மூன்று கிலோமீட்டர். ரங்கசாமி ரோட்டிலேயே நின்றிருந்தார், தலையில் துண்டு, கண்ணில் தூக்கமில்லை. இரண்டு ஏக்கர் நெல், பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் இல்லையென்றால் கதிர் பதராய்ப் போகும், அப்புறம் வைக்கோலைத்தான் அறுக்கணும். பாதாளக்கரண்டி போட்டு இரண்டு நாள் துழாவியிருக்கிறார்கள். மாட்டியது ஒரு ஓட்டை பக்கெட்டும் ஒரு செருப்பும்.

கிணறு பெரிசு. தண்ணீர் மட்டமே நாற்பது அடி கீழே. அதற்குக் கீழே தண்ணீர் முப்பத்தைந்து அடி ஆழம். இறங்குவதற்குச் சுவரில் செருகிய கல் படிகள், ஒவ்வொன்றும் ஒரு முழ அகலம், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கிறிஸ்டோபர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, தலை சுற்ற ஆரம்பித்ததும் பின்னால் வந்து கல்லில் உட்கார்ந்துகொண்டார். ரங்கசாமியின் மனைவி பாஞ்சாலை மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்து நிலத்துத் துரைக்கண்ணு, மோட்டார் தூக்கக் கை கொடுக்க வந்தவன், கப்பியைக் கட்டிவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

பத்தே காலுக்கு சார்லியின் பைக் வந்தது. இறங்கினவன் முகம் சோர்ந்து வெளிறியிருந்தது. வெயிலில் வந்தவன் முகம் வேறு எப்படி இருக்கும் என்று கிறிஸ்டோபர் நினைத்தார்.

"இன்னாடா, இதுக்கு மேல லேட்டா வர முடியாதா?"

"ரத்தம் குடுத்துட்டு வர்றேன் மாமா."

"தெரியும், அக்கா சொன்னா. இன்னா சொன்னாங்க?"

"பிரஷரு, அது இது எல்லாம் பாத்தாங்க. எல்லாம் நார்மல்னாங்க."

"சாப்ட்டியா?"

"காலையில நாலு இட்லி."

"சளி கிளி எதுனா?"

"இல்ல மாமா."

"அப்ப எறங்கு. அந்த மனுஷன் உசுர எடுக்கறாரு."

சார்லி உடனே நகரவில்லை. இடது முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக் கீழே போட்டான். "மாமா, இன்னிக்கே எறங்கிடட்டுமா?"

"பின்ன, அடுத்த வருஷமா? போடா டேய்."

அவன் சட்டையைக் கழற்றி, போனை அதன் பையில் வைத்து, மாமாவிடம் கொடுத்தான். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான். பாஞ்சாலை கிணற்று மேட்டில் கற்பூரம் ஏற்றினாள், கிறிஸ்டோபர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். எந்தச் சாமி பார்த்துக்கொண்டாலும் சரிதான். சார்லி படி படியாய் வெறும் உடம்போடு இறங்கினான். சிலிண்டரைத் தனிக் கயிற்றில் இறக்கினார்கள். தண்ணீரில் மிதந்தபடியே அதை மாட்டிக்கொண்டு, கட்டை விரலைக் கீழே காட்டினான். குமிழிகள் மட்டும் மேலே வந்தன.

கயிற்றில் பேச்சு சுலபம். ஒரு இழுப்பு என்றால் சரி. இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் மேலே வருகிறேன். கிறிஸ்டோபர் கல்லில் உட்கார்ந்து, கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கண் மூடியிருந்தால்தான் கயிறு சொல்வது நன்றாய்க் கேட்கும். இரண்டு இழுப்பு, விட்டார். ஒரு இழுப்பு, பதிலுக்கு ஒன்று இழுத்தார். பையன் தேடுகிறான். சனிக்கிழமை ஒரு கிணறு பாக்கி இருப்பது ஞாபகம் வந்தது. அதை நினைத்ததும் கோபம்கூட வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

சட்டைப் பையில் சார்லியின் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை, பொறுக்க முடியாமல் நல்ல காதில் வைத்தார்.

"அண்ணா, பாலமுருகன் பேசறேங்கணா!"

"சார்லி தண்ணிக்குள்ள இருக்கான். அப்புறம் பண்ணுங்க."

"குளிக்கறாருங்களா? நீங்க யாருங்க?"

"அவன் மாமா."

"ஓ, நீங்கதான் கூப்ட்டுகினே இருந்தவரா? சார், உங்ககிட்டயே சொல்லிடறேன் சார். எனக்குப் பொண்ணு பொறந்திருக்குது. ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க, தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. நெகட்டிவ் குரூப்பு சார், ஊரெல்லாம் தேடினோம். தறிக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டதப் பாத்துட்டு இவராவே வந்தாரு. முன்ன பின்ன தெரியாத ஆளுங்க நாங்க. ஒரு பாட்டில் ரத்தம் குடுத்தாரு சார்." அந்த ஆளின் குரல் உடைந்தது. "நல்லா படுத்து எழுந்து போங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. ஜூஸ் வாங்கியாந்தேன், அதக்கூட குடிக்கல. மாமா கூப்டறாருன்னு ஓடிட்டாரு."

"ஒரு பாட்டிலா?"

"முன்னூத்தம்பது மில்லி சார்."

"எத்தினி மணிக்கு?"

"ஒம்போது, ஒம்போதே கால் இருக்கும் சார். ஏன் சார்?"

கிறிஸ்டோபர் போனைக் கீழே போட்டார். வைக்கவில்லை, கை விட்டுவிட்டது.

டெஸ்டுக்குக் கொடுத்தாலும் ரத்தம் குடுக்கறதுதான், உயிர் காப்பாற்றக் கொடுத்தாலும் ரத்தம் குடுக்கறதுதான். இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்தவன் கையில் கிடைத்தால் இதே கிணற்றில் தள்ளலாம். ஆனால் வார்த்தை என்ன செய்யும்? பையன் வந்து நேராய் நின்று சொன்னான். கேட்கிற காதுதான் சரியில்லை, அதுவும் அந்த ஓட்டைக் காது இல்லை, நல்ல காது.

துறைமுகத்தில் பலராமன் என்று ஒரு சூப்பர்வைசர். தங்கச்சிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்த ஒருத்தனை அவர் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. "இன்னிக்கு டெக்கப் பெருக்கு. நாளைக்கும் பெருக்கு. நாளான்னிக்கு வந்து தண்ணியப் பத்திப் பேசு" என்றார். ஒரு நாளாவது ஆகணும், இரண்டு நாள் ஆனால் நல்லது, நிறையத் தண்ணீர் குடிக்கணும், சாப்பிடணும், தூங்கணும். எல்லோரும் சிரித்தபோது அவர் விளக்கினார். உள்ளே இருக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாதுடா. சுற்றியிருக்கிற தண்ணீரே உடம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே ஏறுகிறான் பார், அப்போதுதான் இருக்கிற ரத்தமும் காலுக்கு இறங்கி, ஆள் கண்ணை இருட்டிக்கொண்டு சாய்வான்.

மேலே ஏறும்போது. நாற்பது அடி. ஒரு முழக் கல்.

கையில் கயிறு மூன்று தடவை இழுத்தது. வருகிறான்.

கிறிஸ்டோபர் எழுந்து கிணற்றோரம் ஓடினார். தலை சுற்றியது, மண்டி போட்டு உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். குமிழிகள் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றன. அவன் ஒழுங்கான பையன், பாதியில் நின்று நிதானமாய்த்தான் வருவான். அப்புறம் தலை தெரிந்தது. மோட்டாரில் கயிறு கட்டிவிட்டேன் என்று கையைத் தூக்கிக் காட்டினான்.

அவ்வளவுதான், ரங்கசாமிக்கு உயிர் வந்துவிட்டது. "துரக்கண்ணு, புடிடா! ஏத்து, ஏத்து!" என்று கத்தினார். இரண்டு பேரும் மோட்டார் கயிற்றை இழுக்க, கப்பி கிறீச்சிட்டது.

"சார்லி! அங்கியே இரு! ஏறாத!" என்று கிறிஸ்டோபர் கத்தினார். கிணற்றுக்குள் போன சத்தம் நாலு பக்கமும் மோதி என்னமாய்ப் போய்ச் சேர்ந்ததோ. கூடவே ரங்கசாமியின் "ஏத்து, ஏத்து". காதில் தண்ணீர் அடைத்திருந்தவனுக்கு "ஏறு, ஏறு" என்றுதான் கேட்டிருக்கும். மேலே நிற்கிறவன் சொன்னால் சொன்னதுதான். சிலிண்டரைக் கழற்றித் தனிக் கயிற்றில் மாட்டிவிட்டு, படியில் கால் வைத்தான்.

"கத்தாதீங்கய்யா! நிறுத்துங்க!" என்று கிறிஸ்டோபர் திரும்பிக் கத்தினார். சந்தோஷத்தில் இருக்கிறவன் காதில் எது ஏறும்? மோட்டார் பாதித் தண்ணீரில் தொங்கிக்கொண்டு வந்தது.

இவர் சார்லியின் கயிற்றைக் கெட்டியாய்ப் பிடித்து, ஒரு பாதத்தைக் கல்லில் முட்டுக் கொடுத்துக்கொண்டார். வேறு ஒன்றும் தோன்றவில்லை. எண்ணினார். நாலாவது படி. ஏழாவது. பத்தாவது படியில் சார்லி நின்றான். சுவரில் கையை வைத்தான். மெதுவாய், ரொம்ப களைத்த ஆள் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்காருகிற மாதிரி, படியில் உட்கார்ந்தான். மேலே நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் ஆள் இல்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான்.

எழுபது கிலோ. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஒரு முழம் ஓடியது. கிறிஸ்டோபர் பல்லைக் கடித்துப் பிடித்து நிறுத்தினார். மார்பு கிணற்றுச் சுவரில் மோதியது.

"ரங்கசாமிண்ணா! ஆளு! ஆளு தொங்கறான்!"

ரங்கசாமி திரும்பினார். அவர் கையில் மோட்டார், மூன்று நாள் தூக்கம், இரண்டு ஏக்கர் நெல். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அதை மட்டும் சொல்லியே ஆகணும். கையிலிருந்ததை விட்டார். துரைக்கண்ணுவும் விட்டான். கப்பி ஓலமிட்டுச் சுழன்றது, மோட்டாரும் கயிறும் கயிற்றின் நுனியுமாய் எல்லாம் கிணற்றுக்குள் போனது. தண்ணீர் எழும்பி அடங்குவதற்குள் இரண்டு பேரும் வந்து கிறிஸ்டோபரின் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள்.

"இழுத்துடலாமா?"

"வேணாம். செவுத்துல அடிச்சிடும். அசையாம புடிங்க. நான் எறங்கறேன்."

"நீங்களா? உங்களுக்குத்தான் தல சுத்துமே!"

பக்கத்தில் கிடந்த இன்னொரு கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டி, மறு பாதியைக் கிணற்றோர வேப்ப மரத்தில் இரண்டு சுற்று சுற்றி, பாஞ்சாலை கையில் கொடுத்தார். "கொஞ்சம் கொஞ்சமா வுடுங்கம்மா." அந்தம்மா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நின்றுகொண்டு இறங்க முடியாது என்று தெரியும். குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். ஒரு படி, பிட்டத்தை நகர்த்து, அடுத்த படி. கிணறு மெல்லச் சுழன்றது. கண்ணை மூடினால் இன்னும் மோசமாய்ச் சுழன்றது, திறந்துகொண்டார். வாய் தானாக "அருள்நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருந்தது, பாதியில் மறந்து மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தது. ஜாக்குலினிடம் என்ன சொல்வேன்? ஏழு தடவை போன் பண்ணினேனே பாவி, ஏழு தடவை.

சார்லி கயிற்றில் சாய்ந்து, பாதி படியிலும் பாதி வெளியிலுமாய்க் கிடந்தான். உதடு வெள்ளைத்தாள். கிறிஸ்டோபர் அவனுக்குக் கீழ்ப் படிக்குச் சுற்றி இறங்கி, தோளை முட்டுக் கொடுத்து அவனை உள்ளே தள்ளினார். அவன் தலையைக் குனியவைத்து, முழங்காலுக்கு நடுவே அழுத்தினார். கழுத்தில் விரல் வைத்தார். நாடி ஓடியது, மெலிசாய், அவசர அவசரமாய்.

"சார்லி. டேய். சார்லி."

எவ்வளவு நேரமோ. மேலே ரங்கசாமி என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கையடியில் அந்த முதுகு ஒரு பெருமூச்சு விட்டது.

"மாமா... நீங்க எப்பிடி இங்க?"

"பேசாத. தலயத் தூக்காத."

"கண்ணு இருட்டிக்கிச்சி."

"தெரியும். மூச்சு வுடு. பலக கட்டி எறக்குவாங்க, அதுல ஒக்காந்து போயிடலாம். ஒண்ணும் இல்ல." மேலே பார்த்துக் கத்தினார். "ஆளு முழிச்சிட்டான்! பலக ஒண்ணு கட்டி எறக்குங்க!"

"ஆண்டவா! இதோ தம்பி, இதோ!" என்ற ரங்கசாமி குரல் அழுகிற மாதிரி வந்தது. "மோட்டாரு கெடக்கட்டும், அவன வுட்றாதீங்க!"

"மோட்டாரு திரும்ப வுழுந்துடுச்சா?" என்று சார்லி குனிந்தபடியே கேட்டான்.

"வுழுந்துச்சி. எழவு, அது கெடக்குது." கிறிஸ்டோபர் அவன் பக்கம் குனிந்தார். "ஒரு பாட்டில் குடுத்தியாமே. பாலமுருகன்னு ஒருத்தன் போன் பண்ணான். பொண்ணு பொறந்திருக்காம்."

"பொண்ணா?" அவன் முதுகு சிரிப்பில் லேசாய் அசைந்தது. "நல்லது."

"இன்னாடா நல்லது? என்கிட்ட சொல்ல மாட்டியாடா நாயே?"

"சொன்னேனே மாமா. ரத்தம் குடுத்துட்டு வர்றேன்னு."

"சுகருக்குன்னு நெனச்சேன்டா. உங்க அக்காவும் அப்பிடித்தான் நெனச்சிகினு இருக்கா."

கீழே தண்ணீர் சுவரை நக்கிக்கொண்டிருந்தது.

"சுகருக்கா? நான், தெரிஞ்சேதான் எறங்க சொல்றீங்கன்னு நெனச்சேன் மாமா. அவ்ளோ அர்ஜென்டு போலன்னு."

"உனக்குத் தெரியாதா? ரத்தம் குடுத்த அன்னிக்கு எறங்கக் கூடாதுன்னு உங்க சர்டிபிகேட்டுல சொல்லித் தரலியா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா எறங்கன?"

"ரொம்ப அசதியா இருந்துச்சி மாமா. இந்த வாரம் பூராவே." அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நானா வேணாம்னு சொன்னா நல்லாருக்காது. ரத்தம் குடுத்தேன்னு சொன்னா, நீங்களே எறங்காதன்னு சொல்லிடுவீங்கன்னுதான் சொன்னேன்."

கிறிஸ்டோபர் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, படியின் ஈரக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வந்தது, அழுதார். கிணற்றுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

பலகை ஆடி ஆடி இறங்கி வந்தது. சார்லியை அதில் உட்கார வைத்து, மார்பைச் சுற்றி இரண்டு கட்டு, இடுப்பைச் சுற்றி ஒரு கட்டு. அசைத்துப் பார்த்து, மூன்று தடவை கயிற்றை இழுத்தார். மேலே மூன்று பேரும் சேர்ந்து மெதுவாய், ரொம்ப மெதுவாய்த் தூக்கினார்கள். இவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பாஞ்சாலையின் கைகள் அவன் அக்குளைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. "கால மேல தூக்கி வெச்சிப் படுக்க வைங்க! உப்பு போட்டு மோரு குடுங்க, கொஞ்சம் கொஞ்சமா! அப்பிடியே டாக்டர்கிட்ட காட்டணும்!" என்று கத்தினார்.

"சரி, சரி!"

கொஞ்ச நேரம் கழித்து ரங்கசாமியின் தலை கிணற்று விளிம்பில் தெரிந்தது.

"மோரு குடிக்கறான் தம்பி. பேசறான். நீங்க மேல வாங்க. துரக்கண்ணு அவன் மோட்டார்ல இருந்து ரெண்டு நாளைக்குத் தண்ணி வுடறேன்னுட்டான், நீங்க அதப் பத்திக் கவலப்படாதீங்க. பலகைய எறக்கட்டுங்களா, இல்ல ஏறிடுவீங்களா?"

இருபத்தைந்து படி இருந்தது. வாழ்க்கையில் யார் என்ன கேட்டாலும், பரவாயில்லை, நான் பார்த்துக்கிறேன் என்றுதான் அவர் வாய் சொல்லிப் பழகியிருந்தது.

"எறக்குங்கண்ணா" என்றார் கிறிஸ்டோபர். "என்னால முடியல."